எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு

அப்பா பொய் சொல்லிப் பாப்பா கேட்டதில்லை. போன வாரம் கேட்டாள். அதுவும் ஃபோனில், உரக்க, பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தையும் மீறி.

விமானம் செய்கிற பெரிய கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. பராமரிப்புக்கு நிறுத்திய விமானம் ஒன்றில், சரக்குக் கதவின் கீலில் இருந்த பின்னில் மெல்லிய விரிசல். விரல் நீளம்கூட இல்லாத எஃகுப் பின். செய்து கொடுத்தது இவர்கள் பட்டறைதான். அது எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது, சூளையில் எவ்வளவு சூடு காட்டியது, கடைசியில் என்ன அளவு வந்தது, எல்லாவற்றின் பதிவையும் உடனே அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்த ரக விமானம் பறக்கிற காலம் வரைக்கும் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்போம் என்று அப்பா எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தேடிப் பார்த்தால் அந்தப் பின்களைச் செய்த வருடங்களின் ஃபோல்டர் மொத்தமும் கம்ப்யூட்டரில் இல்லை. யார் அழித்தது என்று பார்த்தால் அது மைக்ரான் அண்ணன் பெயரைக் காட்டியது.

மைக்ரான் அண்ணன் இந்தப் பட்டறையில் பல வருடம் அளவு பார்த்தவர். தலைமுடியைவிடச் சன்னமான வித்தியாசத்துக்கெல்லாம் பொருளைத் திருப்பி அனுப்புவார் என்பதால் பையன்கள் வைத்த பெயர் அது. போன வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் காலி செய்த நாற்காலியில்தான், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த பாப்பா உட்கார்ந்தாள். முப்பது தாண்டியும் பட்டறையில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

"அவன்தான் சார் அழிச்சிருக்கான். பேரே இருக்கு பாருங்க," என்று அப்பா ஃபோனில் சொன்னார். "அவனைத் தவிர யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது."

பாப்பாவுக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியும். தினம் அதைத் தட்டித்தான் வேலையைத் தொடங்குகிறாள். ஆனாலும் அன்றைக்கு அவள் குறுக்கே பேசவில்லை. அப்பாவுக்கு ஏதோ பதற்றம், பிறகு சரி செய்துகொள்வார் என்று விட்டுவிட்டாள்.

இன்று அந்தக் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் நேரில் வருகிறார்.

பாப்பா மற்றவர்களுக்கு முன்னாலேயே பட்டறைக்கு வந்துவிட்டாள். அழிந்ததில் ஏதாவது மிச்சம் மீதி கிடைக்காதா என்று பார்க்க நினைத்தாள். மெஷின்கள் எல்லாம் அடங்கிக் கிடந்தன. தரையில் முந்தின நாள் இரும்புச் சுருள்கள். அளவு அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதை எப்போதும் நிறுத்த மாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, மற்றதையெல்லாம் குட்டியாக்கிக்கொண்டு, ஒரு ஃபோல்டர் இருந்தது.

பாப்பா கல்யாணம்.

அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். பதிவுகள் காணாமல் போன அதே நாள். அதே சாயங்காலம். முதலில் அது அழிந்திருக்கிறது, உடனே இது ஏறியிருக்கிறது.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வீடியோக்காரர் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என்று அம்மா ஃபோன் செய்திருந்தாள். புது வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடியே இவள் அப்பாவிடம் பேசினாள். ஒரே ஒரு காப்பி மட்டும் வைக்காதீங்கப்பா, கெட்டுப்போச்சுன்னா போச்சு, வேற எங்கேயாவதும் ஒண்ணு பத்திரமா வைங்க. அப்படிச் சொன்னது இவள்தான். அப்பாவும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

காதுமடல் இரண்டும் சுட்டன. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் யாரோ பார்த்துவிட்டதைப்போல அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா வந்ததும் வராததுமாக அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை அத்தனை நேரம் துடைத்தார்.

"இடம் இல்லைன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சும்மா," என்றார் கடைசியில். "எது பழசுன்னு பாத்தேன். பழசுதானே, அந்தப் பின்னெல்லாம் மாட்டி எத்தனையோ காலமாச்சு, விமானம் நல்லாத்தானே பறக்குதுன்னு..."

"அவர் பேர்ல எப்படிப்பா வந்துச்சு?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல எப்பவும் அவன் பேர்லதானே உள்ள போவோம்."

"தெரிஞ்சேதான் அவர் மேல போட்டீங்களா?"

அப்பா கதவைப் பார்த்தார். சித்தப்பா உள்ளே வந்துகொண்டிருந்தார். அப்பாவின் தம்பி. பட்டறையில் மெஷின்கள் அவர் பொறுப்பு, வெளியுலகம் அண்ணன் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டவர்கள். இருவர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது பாப்பாவுக்கும் புரிந்தது.

"இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார் சித்தப்பா. "திரும்ப எழுதிட்டாப் போவுது. அதே மெஷின், அதே கம்பி, அதே கை. அன்னைக்கு வந்த அளவுதானே இன்னைக்கும் வரும். பாப்பா உக்காந்து தட்டினா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"விரிசல் விட்ட பின்னுக்கு என்ன அளவு போடட்டும் சித்தப்பா?"

சித்தப்பா தன் எண்ணெய் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"பொய்க் கணக்கெல்லாம் நான் எழுத மாட்டேன்," என்றாள் பாப்பா.

"எழுத வேண்டாம்," என்றார் அப்பா. குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ சும்மா இரு. அது போதும். அந்த ஆடிட்டரம்மா வருவாங்க, பார்ப்பாங்க, போயிடுவாங்க. மைக்ரானுக்கு என்ன ஆகப்போவுது? அவன்தான் இங்கே இல்லையே. அவனுக்கு வேற வேலை இருக்கு. நமக்கு இதை விட்டா என்ன இருக்கு, சொல்லு." பிறகு, திரையைக் காட்டாமலே காட்டி, "உனக்காகச் செஞ்சதும்மா," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் மறுத்திருப்பாள். பெண் திரும்பி வந்த நாளிலிருந்து ஏன் என்று ஒரு கேள்வி கேட்காத மனிதர். வாசலில் பெட்டியோடு நின்றவளிடம், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர்.

பாப்பா தலையாட்டினாள். ஆட்டின கணமே தன் தலை தனக்கே கனத்தது.

ஆடிட்டர் அம்மா அதிகாரியைப் போலவே இல்லை. பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப் பை, மூக்குக் கண்ணாடி. வந்ததும் முதலில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"வாசல்லேர்ந்து நேரா உள்ள வந்துட்டேன். யாருமே நீங்க யாருன்னு கேக்கல. உங்க ஆளுங்க ரெண்டு பேர் வணக்கம்கூட சொன்னாங்க."

"மரியாதை தெரிஞ்ச பசங்க மேடம்," என்றார் சித்தப்பா.

"அது சரி. ஆனா வர வழியெல்லாம் சுவத்துல எங்க வரைபடம் ஒட்டியிருக்கு. நான் ஃபோன்ல ஒவ்வொண்ணா படம் எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட வணக்கம் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று பாப்பாவுக்குத் தோன்றியது.

அளவு அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஆடிட்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க பழைய ஆளைப் பத்திச் சொன்னீங்க சார். அவர் இப்ப வேலை பாக்கற இடமும் எங்களுக்குத்தான் பார்ட்ஸ் செஞ்சு குடுக்குது. வேணும்னு பதிவை அழிச்ச ஆள்னா நாங்க சும்மா இருக்க முடியாது இல்லையா, அவங்களுக்குச் சொல்லிட்டோம். விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அப்பாவின் கை மேஜைமேல் இருந்தது. அது மெல்ல நகர்ந்து மடிக்குப் போனது.

இப்போதாவது சொல்லுவார் என்று பாப்பா காத்திருந்தாள். அப்பாவும் ஒருவேளை அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. 

"அவர் தவிர யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாதுன்னு சொன்னீங்க. அப்படித்தானே?"

"ஆமா மேடம்." அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்களுக்கு?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"நான் கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லை மேடம். எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்." சொல்லிவிட்டு, வெளியே ஏதோ சத்தம் கேட்டதாகக் காட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆடிட்டர் பாப்பாவிடம் திரும்பினார். "நீங்க இப்ப எந்தப் பேர்லம்மா உள்ள போறீங்க?"

இதற்குப் பொய் சொல்ல வழியில்லை. "அவர் பேர்லதான் மேடம்."

"அப்போ போன வருஷத்துலேர்ந்து இங்கேருந்து வந்த ஒவ்வொரு பொருளையும், சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பினது..."

"அவர் பேர்லதான் வரும்."

"அவர் இங்கே இல்லாத காலத்துல."

"ஆமா மேடம்."

பாப்பா இன்ஜினியரிங் படித்தவள். தர நிர்வாகம் என்று தனியாக ஒரு படிப்பும் முடித்தவள். முதல் நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதே இதை மாற்ற வேண்டும் என்று தோன்றியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அவளே அளந்து, அவளே சரி என்று சொன்ன அத்தனையும் இன்னொருவர் தலையில் இருக்கின்றன. அப்பா மட்டுமா மைக்ரான் அண்ணன் பெயரை எடுத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவன் போன பிறகு பாப்பாவுக்கு நான்தான் குடுத்தேன்," என்று அப்பா இடையில் புகுந்து ஒட்டுப்போட்டார். "அதுக்கு முன்னால யாருக்கும் தெரியாது மேடம்."

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். பேசிக்கொண்டே இருந்ததில் திரை தானாகப் பூட்டிக்கொண்டு கறுத்திருந்தது.

அப்போது கதவு தள்ளித் திறந்தது. சித்தப்பாதான். வெளியே லோடு ஏற்ற வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பெட்டிகளுக்கு ஒட்ட வேண்டிய லேபிள் இன்னும் அச்சாகவில்லை. நின்று நிதானிக்கிற மனநிலையில் அவர் இல்லை.

"ஒரு நிமிஷம், லேபிள் மட்டும் எடுத்துக்கறேன். இவன் ஒருத்தன், உயிரை வாங்கறான்."

எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்தார். பாப்பாவின் தோளுக்கு மேலாகக் குனிந்தார். கதவுப் பக்கம் பார்த்து, "வந்துட்டேன்டா, கத்தாதே," என்று சொல்லிக்கொண்டே, விசைப்பலகையைப் பார்க்காமலே, பத்து விரலும் தானாக ஓட, பாஸ்வேர்டைத் தட்டினார். திரை திறந்தது.

லேபிள் அச்சாகத் தொடங்கியது. அச்சு இயந்திரத்தின் கரகரப்பில் பாதியில்தான் அவருக்கு உறைத்தது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"சார்," என்றார் ஆடிட்டர், அதே மெதுவான குரலில். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம்," என்றார் சித்தப்பா. சொன்ன பிறகு அண்ணனைப் பார்த்தார். லேபிளை எடுக்காமலே வெளியே போனார்.

 ஆடிட்டர் பேனாவை மூடி வைத்தார். அது எழுதுவதைவிடப் பயமாக இருந்தது.

"அப்போ யார் வேணும்னாலும் அழிச்சிருக்கலாம்," என்றார்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா மேடம். யார் வேணும்னாலும்."

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. யார் வேண்டுமானாலும் என்றால் யாரும் இல்லை என்றாகிவிடும், பழி காற்றோடு போய்விடும் என்ற நிம்மதி. பாப்பா அதைக் கேட்டாள். அப்பாவின் குரலில் அப்படி ஒன்றை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அவருக்காக அவள் கூசினாள்.

"வேற எங்கேயாவது காப்பி இருக்கா, இந்தக் கம்ப்யூட்டர்ல வேற என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துடலாமா?" என்று ஆடிட்டர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பாப்பா திறந்தாள். வரிசையில் முதலாவதாக அந்தப் பெயர் நின்றது. பெயருக்குப் பக்கத்தில் தபால் தலை அளவுக்கு ஒரு படம். மாலையும் நகையுமாக, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண்.

ஆடிட்டர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது நீங்கதானே? எவ்வளவு அழகா இருக்கீங்க. லேட்டா சொல்றேன், வாழ்த்துகள்ம்மா."

உண்மையான அன்போடு சொன்ன வார்த்தை. அதனால்தான் அது பாப்பாவுக்குத் தாங்கவில்லை. பட்டறையில் இந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. எடுக்காமல் இருப்பதற்கு எல்லோரும் சிரமப்படுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் வரும்போது பேச்சு மாறும், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ மேஜைக்கு அடியில் போகும்.

"அது முடிஞ்சு போச்சு மேடம்," என்றாள். "நான் இப்ப அப்பா வீட்லதான் இருக்கேன்."

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது."

"பரவாயில்ல." ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு மற்றது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "இந்த வீடியோவை வைக்க இடம் பத்தலைன்னுதான் மேடம் அந்தப் பதிவையெல்லாம் அழிச்சோம். மைக்ரான் அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தேதியைப் பாருங்க, உங்களுக்கே தெரியும். பத்திரமா வைக்கச் சொன்னது நான்தான். அழிச்சது நாங்கதான்."

ஆடிட்டர் தேதியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு எதிர்ப்பக்கம்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளையைப்போல இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின.

"அழிச்சோம் இல்ல மேடம்," என்றார். "அழிச்சேன்."

அதற்குமேல் ஆடிட்டர் நெடுநேரம் இருக்கவில்லை. கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பதிவு இருந்திருந்தால், விரிசல் விட்ட பின் எந்தக் கம்பியிலிருந்து வந்ததோ அந்தக் கம்பியில் செய்ததை மட்டும் கழற்றியிருப்பார்கள். இப்போது நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க வழியில்லை. அத்தனை பின்னையும் கழற்ற வேண்டும். அதுவரைக்கும் அந்த விமானங்கள் நிற்கும்.

"உங்க பின்னு முக்கால்வாசி நல்லதாத்தான் இருக்கும் சார்," என்றார் வாசலில். "ஆனா அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது. புது ஆர்டர் எல்லாத்தையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் நான் எழுத முடியும். அந்தப் பழைய ஆளோட கம்பெனிக்கு நாளைக்கு நானே பேசறேன்."

அவர் போன பிறகு பட்டறையில் லேத் சத்தம்கூடத் தணிந்துதான் கேட்டது. சித்தப்பா தன் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வேலை செய்வதாகப் பெயர், கை ஓடவில்லை.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாம்," என்றார் அவர், பாப்பா பக்கத்தில் வந்தபோது. யாரைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. "என்னைத்தான் சொல்லிக்கறேன்," என்று அவரே சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு முன்னாடியே தெரியும் பாப்பா. அன்னைக்கே அண்ணனைக் கேட்டிருக்கணும். கேட்டா அவருக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டேன்," என்றார்.

அப்பா தன் அறையில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக்ரான் அண்ணனின் எண்ணைத் திரையில் கொண்டுவந்துவிட்டு, அது அணைவதையும், மறுபடி தொட்டு எழுப்புவதையுமே செய்துகொண்டிருந்தார்.

"நேர்ல போகலாம்ப்பா," என்றாள் பாப்பா. "நானும் வரேன்."

 போகிற வழியில், சிக்னலில் வண்டி நின்றபோது, அப்பா திரும்பாமலே சொன்னார். "அந்தம்மா முன்னால உன் கதையை நீ சொல்ல வேண்டியதா ஆயிடுச்சே."

"அது என் கதைதானேப்பா. மைக்ரான் அண்ணன் கதையைத்தான் நாம சொல்லியிருக்கக் கூடாது."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார்.

மைக்ரான் அண்ணன் வீடு மாடியில், குறுகலான படிக்கட்டு ஏறியதும் வலப்புறம். கதவைத் திறந்தது அவர் மனைவி. அப்பாவைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பி, "உங்க பழைய முதலாளி," என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

மைக்ரான் அண்ணன் ஒரு ஸ்டூல்மேல் நின்று மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறக்கை ஏற்கனவே பளபளவென்று இருந்தது. இறங்கி, துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருங்க சார். வா பாப்பா," என்றார்.

அப்பா உட்காரவில்லை.

"நீங்க என்னை மன்னிக்கணும்," என்றார்.

இத்தனை வருடமும் வாப்பா, போப்பா என்று பேசிய மனிதர். அந்த 'நீங்க'வைக் கேட்டு மைக்ரான் அண்ணனே சங்கடப்பட்டுச் சுவரைப் பார்த்தார். அப்பா நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வீடியோ, இடம் போதாதது, ஃபோனில் சொன்ன பொய், இன்று மேடத்திடம் சொன்னது. நாளைக்கு அவருடைய கம்பெனிக்குத் தகவல் போய்விடும் என்றும் சொன்னார். சொல்லி முடித்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஒரு நாளும் வேலை நாள்ல பகல்ல வீட்ல இருந்தது இல்ல சார்," என்றார் மைக்ரான் அண்ணன். "பக்கத்து வீட்ல உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். கீழ் வீட்டம்மா கஷாயம் வெச்சுக் குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சேன்."

அவர் மனைவி சமையலறைக்குள் போய்விட்டார். ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது.

"நான்கூட உங்க பேர்லதான் அண்ணா இத்தனை நாளா எல்லாத்தையும் அனுப்பிட்டிருக்கேன்," என்றாள் பாப்பா. இதைச் சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து இறங்க முடியாது என்று இருந்தது. "மாத்தியிருக்கணும். மாத்தல."

"தப்பா எதுவும் அனுப்பிடலையே?"

"இல்லண்ணா."

"அப்ப சரி," என்றார். ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவரைப்போலக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "இப்ப என்ன பண்ணப் போறாங்க? எல்லா விமானத்தையும் நிறுத்தி எல்லாப் பின்னையும் கழட்டுவாங்களா?"

"ஆமா."

"நிறைய நல்ல பின்னு சார் அது." அவருக்கு அதுதான் முதலில் வலித்தது போலிருந்தது.

உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். அவர் மனைவி தாழ்ந்த குரலில் வேண்டாம் என்று சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. அவர் பதில் சொன்னது கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் பழைய கைக்குட்டை சுற்றிய ஒரு சின்னப் பொருள் இருந்தது. பிரித்தார். கறுப்பு நிறத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கோமேன்னு எனக்குப் பயமாவே இருக்கும். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன், பாத்துக்கலாம்னுட்டீங்க. அதான் இதெல்லாம் அழியறதுக்கு முன்னாடியே நானே ஒரு காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். வேலையை விட்டப்ப திருப்பிக் குடுத்திருக்கணும். குடுத்தா எடுத்தது தெரிஞ்சிடுமேன்னு குடுக்கல."

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "அந்த வருஷத்துதும்..."

"எல்லா வருஷமும் இருக்கு. எந்தக் கம்பி, எந்தச் சூளை, எந்த அளவு. எல்லாம். அவங்க வரைபடமும் இருக்கு சார், அதுதான் வினை. அந்த மாதிரிப் பொருளைப் பட்டறையை விட்டு வெளியே கொண்டு போனாலே தப்பு. நான் கொண்டு வந்து பீரோவுல புடவைக்கு நடுவுல வெச்சிருக்கேன்." கைக்குட்டையை மடித்து, மறுபடி பிரித்தார். "இப்ப வரைக்கும் செய்யாத தப்புக்கு வீட்ல உக்காந்திருக்கேன். இதை வெளியே எடுத்தேன்னா, செஞ்ச தப்புக்கு உக்காரணும். அப்புறம் இந்தத் துறையிலேயே எவனும் என்னை உள்ள விட மாட்டான்."

சமையலறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றார்.  டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலைன்னா விமானம் நிக்கும், பட்டறையும் நிக்கும்," என்றார் மைக்ரான் அண்ணன். "என்ன பண்ணட்டும் பாப்பா? நீயே சொல்லு, நீ படிச்சவ."

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் அந்தக் கறுப்புப் பெட்டியிலேயே இருந்தது. காலையிலிருந்து செத்துக்கிடந்த அந்த முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. எதிரே ஒரு மனிதன் தன் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், இவருக்கு உயிர் வருகிறது. பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தலையைத் திருப்பிக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்ற அந்த அம்மா இப்போது டிஸ்க்கைப் பார்க்கவில்லை. பாப்பாவின் முகத்தைத்தான், அதிலும் அதே ரத்தம் ஓடத் தொடங்கியதைத்தான், பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலும் அதே அருவருப்பு இருந்தது.